அத்தையின் கண்ணும் உண்ணி மருந்தும்

தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து, இன்று ஈப்போவிலோ வேறெங்கோ மாடி வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, அந்தக் கண்ணுவலி வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசி. ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நடத் தொடங்கியிருந்த நேரம். ஆயர் தாவார் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் சிவந்த கண்கள்தான். காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கிடக்கும். வெந்நீரில் துணி நனைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். கண்ணுவலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினோம்.

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரெசர் ஐயா வீட்டுக்கு ஒரு போத்தல் சொட்டு மருந்து கொடுத்தார். சுண்டுவிரல் நீளத்தில் தவிட்டு நிறப் போத்தல். மூடியிலேயே கண்ணாடிக் குழாயும், அதன் தலையில் அமுக்குவதற்கு ஒரு ரப்பர்க் குமிழும் இருக்கும். தீர்ந்தால் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த மருந்து.

எங்கள் வீட்டில் சொட்டு விடுகிறவள் நான். ஒன்பது வயது. என் கை நடுங்காது என்று அம்மா யாரிடமோ சொல்லப்போக, பக்கத்து வீடுகளிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய ஆட்களெல்லாம் என் முன்னால் மல்லாந்து படுத்து, வாயை லேசாகத் திறந்தபடி, நான் என்ன செய்வேனோ என்று காத்திருப்பார்கள். எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். அப்பா தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் தோட்டக்காரர். துரையின் இரண்டு பெரிய நாய்களைக் குளிப்பாட்டுவதும் அவர் வேலைதான். நான்காவது ஆள் அத்தை, அப்பாவின் அக்கா. சித்தியவானில் வாழப் போனவர், புருஷன் இறந்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்துவிட்டார். அவரும் பால் வெட்டத்தான் போனார். விடியுமுன் நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவும் அத்தையும் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். பேசிக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை. சண்டையும் போட மாட்டார்கள். அத்தை ஒரு சொல் சொல்வார், அம்மா கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அத்தையின் குரலுக்கு நானும் பயந்தேன், அப்பாவும் பயந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களிடம் ஒரு நாய் இருந்தது. டைகர் என்று பெயர், ஆனால் பூனைக்கே வழிவிடும். அந்த மழைக்காலத்தில் அதன் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பியிருந்தது. ஒருநாள் அத்தை தன் பாயில் ஒன்றைக் கண்டெடுத்தார். இரத்தம் குடித்து, அவித்த பயறு போல உப்பிய உண்ணி. அதை அப்பா முன்னால் போட்டார்.

"தம்பி, வீட்டுல ஒண்ணு இந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்கோ லா."

மறுநாள் அப்பா பங்களாவிலிருந்து மருந்து கொண்டுவந்தார். துரையின் நாய்களுக்கான மருந்து அது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்து குளிப்பாட்டுவார்கள். எங்கள் நாயை எந்த வாளிப் பக்கமும் நிறுத்த முடியாது என்பதால், கலக்காத மருந்தையே கழுத்தில் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று அப்பா தானாகவே ஒரு கணக்குப் போட்டார். அதற்காகத்தான் டிரெசர் ஐயாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலிக் கண்மருந்துப் போத்தலில் அதை ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். மஞ்சள் எண்ணெய் போல இருந்தது. பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்து அழுகின மாதிரி வாடை.

அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு, "வேற போத்தலே கெடைக்கலயா?" என்றார்.

"போத்தல் கழுத்துல கறுப்பு நூல் கட்டியிருக்கேன். கண்ணு தெரியாதா?" என்றார் அப்பா. வெளியே அஞ்சடித் திண்ணையில், கூரைக் கட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் அதைச் செருகி வைத்தார். நாய்க்கும் நான்தான் சொட்டு விட்டேன். டைகர் சுருண்டு படுத்து நாள் முழுக்க வாயில் நுரை தள்ளியது. அதைப் பார்த்தும் எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அத்தைக்குக் கண்ணுவலி வந்தது. அன்று மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பிட வந்திருந்த அப்பா மழைக்கு முன் பங்களாவுக்குத் திரும்பக் கிளம்பினார். காற்றில் கூரைத் தகரம் எகிறுவதைப் பார்த்து, வெளியே செருகியிருந்ததையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தார். மண்வெட்டிப் பிடி, ஒரு கட்டுச் சணல், அந்தப் போத்தல். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான், அவர் கை அலமாரியில், கண்மருந்து இருக்கும் பவுடர் டின்னுக்குப் பக்கத்தில் எதையோ வைத்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியதும் அறை இருண்டது. அத்தை வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து படுத்தார். உறைந்து புளித்த கட்டிப்பால் சுமந்த சட்டை. அதன் நாற்றம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது இருக்கும் இடத்தில் வேறெந்த வாடையும் மூக்குக்கு எட்டாது.

"வாடி, வந்து விடு. எரியுது" என்றார்.

அலமாரியில் கைவிட்டேன். போத்தல் கையில் வந்தது. ஈரத்தில் நூல் அவிழ்ந்து விழுந்திருந்ததோ, இருட்டில் என் விரலுக்குத் தட்டுப்படவில்லையோ, தெரியாது. அத்தையின் வலது இமையை விலக்கிப் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன். கை நடுங்கவே இல்லை.

அத்தை கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கும் போல இருந்தது. "என்னடி இது" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்று ஈனும் மாடு அப்படி முனகுவதைக் கேட்டிருக்கிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், வாங்கி முகர்ந்தார்.  அத்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தரதரவென்று வெளியே இழுத்துப்போனார். தகரத் தூம்பிலிருந்து மழைத்தண்ணீர் கயிறு திரித்த மாதிரி தோங்குத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அத்தையின் தலையைப் பிடித்து அதன் கீழே வைத்து, இமையை விரலால் விரித்தார்.

அத்தை திமிறினார். அம்மாவைவிட ஒரு பிடி உயரமானவர், பலமானவர். "விடுடி, மூச்சு முட்டுது" என்று கையை வீசினார். அம்மாவின் உதடு கிழிந்தது. அம்மா விடவில்லை. அத்தையின் முதுகில் முழங்காலைக் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். விளக்கெண்ணெய் விடு என்றார் ஒருவர். பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டுத் தாய்ப்பால் பீய்ச்சச் சொல் என்றார் இன்னொருவர். "தண்ணிய விட்டா கண்ணு வெந்துபோவும், தள்ளு" என்று ஒருவர் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரோ சொல்லி அப்பா ஓடிவந்தபோது அவர் கண்டது இதைத்தான். மழையில் தன் அக்காவை மண்டிபோட வைத்து, தலையைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருக்கும் மனைவி. அம்மாவைப் பிடித்துத் தள்ளினார். அம்மா சகதியில் உட்கார்ந்தார்.

மருந்தகத்தில் டிரெசர் ஐயா டார்ச் அடித்துப் பார்க்கும்போது நான் கதவோரம் நின்றேன். இடது கண்ணின் மணி எல்லோருக்கும் இருப்பது போல இருந்தது. வலது கண்ணின் மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வெள்ளை விழி முழுக்க இரத்தம். கன்னம் வழியாகத் தண்ணீர் நிற்காமல் ஓடியது. "என்ன மருந்து?" என்று அவர் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல ஐயா, ஏதோ எண்ணெய்" என்றார். "போத்தலக் கொண்டாங்க, பார்க்கணும்." தோட்டத்து ஜீப் வந்தது. அப்பாவும் அத்தையும் ஏறினார்கள். டவுனிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்றார்கள்.

நான் எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்கு ஓடினேன். போத்தல் தோங்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய், மழையில் பழுப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. வீசினேன். அது மூழ்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏன் வீசினேன் என்று கேட்காதீர்கள். போத்தல் இல்லாவிட்டால் நடந்ததும் இல்லாமல் போகும் என்று நினைத்த வயது. மருந்தகத்து ஆள் வந்து கேட்டபோது அம்மா வீடு முழுக்கத் தேடினார். என்னைப் பார்த்து, "நீ பாத்தியா?" என்றார். "இல்ல" என்றேன். அம்மா என் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை கால்வாய்ச் சேறு. காணோம் என்று மருந்தகத்து ஆளை அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து எனக்குள் புகுந்த பயத்தை இத்தனை வயதுக்குப் பிறகும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் பூண்டு வாடை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், பிறகு மணல் போட்டுத் தேய்த்தேன். போலீஸ் ஜீப் வரும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் அந்தக் கடுகு மணி தெரிந்தது. அது என்னையே பார்த்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா பஸ் பிடித்து வந்தார். சட்டையைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"என்ன மருந்துன்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம் பண்ண முடியுமாம். ராத்திரியெல்லாம் அக்கா வாந்தி. போத்தல் எங்க?"

"தேடிப் பாத்துட்டேன். காணோம்" என்றார் அம்மா.

"எங்க ஒளிச்ச?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"வெளியில இருந்த போத்தல் உள்ள எப்படி வந்துச்சு? கால் மொளைச்சு நடந்து வந்துச்சா? எங்க அக்கா ஒனக்குப் பாரமா இருந்துச்சு. அதுக்குப் புள்ள கையில குடுத்து… அப்புறம் தலைய வேற தண்ணில அமுக்குன. நான் கண்ணால பாத்தேன்."

அம்மாவின் உதட்டில் கிழிந்த இடம் வீங்கியிருந்தது. அவர் மறுபடி அரிசியைக் களைந்தார்.

"நாளைக்குக் காலையில கெளம்பி ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. பாரிட் புந்தார் பஸ்ஸுல நானே ஏத்தி விடறேன். புள்ள இங்க இருக்கட்டும்."

வெளியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து வைத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அப்பா மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. போத்தல் எதற்கு? மருந்து வந்த டின் பங்களாவில் இருக்கிறதே. நாய்த்தலைப் படமும் இங்கிலீஷ் எழுத்தும் போட்ட டின். போய் எடுத்துப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடுமே. இப்போது புரிகிறது. அப்பா அந்த மருந்தைக் கேட்டு எடுக்கவில்லை. அவருக்கு முன்னால் தோட்டக்காரராக இருந்தவரை, ஒரு பை உரம் காணாமல் போனதற்காகத் துரை மறுநாளே வெயிலில் புல் வெட்டும் காட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார். பங்களா வேலை என்றால் நிழல், வெள்ளைச் சட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. அது போய்விடும் என்ற பயத்தில் அப்பா ஈப்போ டாக்டரிடமே வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கூடப் பிறந்தவள் அங்கே வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்பா குளிக்கப் போனார். அம்மா ஒரு துணிப்பையை எடுத்துத் தன் புடவை இரண்டை மடித்து வைத்தார். 

"அம்மா, போத்தல நாந்தான் கால்வாயில வீசிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"அத்தை கண்ணுல விட்டதும் நாந்தான்."

"அதுவும் தெரியும்லா. நான்தான பாத்தேன்."

"நான் அப்பாகிட்டச் சொல்றேன்."

அம்மா மடித்த புடவைகளில் ஒன்றை மறுபடி பிரித்தார். பச்சைக்கரை போட்ட, கோயிலுக்குக் கட்டும் புடவை. அதைக் கட்டிக்கொண்டார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார். என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அவருகிட்டச் சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. வா."

பங்களா மேட்டின் மேல் இருந்தது. லயத்துப் பெண்கள் யாரும் அந்தச் செம்மண் பாதையில் ஏறி நான் பார்த்ததில்லை. எதற்காவது வர வேண்டுமென்றால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி, அவர் மேலே சொல்லி, பதில் கீழே வரும். அம்மாவின் உள்ளங்கை பிசுபிசுவென்று வேர்த்திருந்தது. பாதி ஏறுவதற்குள் நாய்களின் குரைப்பு கேட்டது. என் நெஞ்சு உயரம் இருந்தன இரண்டும். கம்பிக் கதவில் முன்னங்காலை வைத்து எம்பி எம்பிக் குரைத்தன. கதவு ஒவ்வொரு முறையும் அதிர்ந்தது. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அம்மா நகரவில்லை.

சத்தம் கேட்டுத் துரையே வெளியே வந்தார். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பிறகு வந்தவர், சீனர். காலில் செருப்பு, கையில் தேத்தண்ணிக் கோப்பை. அம்மாவுக்குத் தெரிந்த மலாய் கடைத்தெரு மலாய்தான். அதில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னார். நாய் மருந்து, கண்ணு, மாத்தா, ஈப்போ. மாத்தா என்றால் கண்; தன் கண்ணையே தொட்டுக் காட்டினார். துரைக்குப் புரிந்ததும் கோப்பையை அப்படியே மதில் மேல் வைத்தார்.

"கண்ணுக்குள்ளயா போச்சு? எப்போ?" என்றார், உடைந்த தமிழில்.

"நேத்து, துவான்."

"எப்படி இந்த மருந்து ஒங்க வீட்டுக்கு வந்தது?"

 நாய்கள் குரைத்துக்கொண்டே இருந்தன. "எங்க நாய்க்கு உண்ணி. அதுக்காக எடுத்தது" என்றார். யார் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை. துரையும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. உள்ளே போய் டின்னை எடுத்து வந்து வாசலிலேயே நின்று படித்தார். பிறகு உள்ளே போய் டெலிபோனைச் சுற்றும் சத்தம் கேட்டது. வெகுநேரம் பேசினார். டின்னில் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. நாங்கள் வெளியே, கதவுக்கு இந்தப் பக்கம், வெயிலில் நின்றோம்.

திரும்பி வந்து, "டாக்டர் எழுதிக்கிட்டார். அந்த அம்மாவுக்கு இனிமே சரியான மருந்து குடுப்பாங்க" என்றார். நாங்கள் கீழே இறங்கினோம். ஒரு இடத்தில் அம்மா ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்டதற்கு, செருப்பு வார் அறுந்துவிட்டது என்றார். அறுந்திருக்கவில்லை.

வீட்டில் அப்பா ஈரத் தலையோடு நின்றார். எங்கே போய் வருகிறோம் என்று பச்சைக்கரைப் புடவையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அம்மா, "டின்னுல இருந்த பேர டாக்டருக்குச் சொல்லியாச்சு" என்றார். அடுப்படிக்குப் போய் அரிசியை உலையில் போட்டார். பாரிட் புந்தார் பேச்சு அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை. துணிப்பை மட்டும் ஒரு வாரம் மூலையிலேயே கிடந்தது. நான் அதைத் தொடாமல் சுற்றிப் போவேன்.

மூன்றாம் நாள் டிரெசர் ஐயா சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குத் தகவல் வந்திருந்ததாம், பார்வை போகாது என்று.

"ஆமா, மொதல்ல அவங்க கண்ணுல தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

 நான் அம்மாவைக் காட்டினேன்.

"அதாலதான் அந்தக் கண்ணு இன்னிக்கு இருக்கு. எண்ணெய், பால்னு ஏதாச்சும் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்பா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் அப்பாக்கள் யார் சொல்லியிருக்கிறார்கள்?

அத்தை இரண்டு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பல மாதம் வலது கண்ணில் எல்லாம் ஆவி படிந்த கண்ணாடி வழியே தெரிவது போல இருந்ததாம். பிறகு தெளிந்தது. வெயில் பட்டால் மட்டும் கடைசிவரை நீர் வடிந்தது. வந்த அன்று வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு போனேன். என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் விரல் பதிந்த இடம் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டார்.  அம்மாவோடும் அவர் அதிகம் பேச ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் காலையில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

அப்பாவை அடுத்த மாதமே காட்டு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புல் வெட்டினார், செம்பனைக்குக் குழி தோண்டினார். வெள்ளைச் சட்டையை அம்மா மடித்துப் பெட்டியில் வைத்தார்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பாவும் அத்தையும் காலமான பிறகு, ஒருநாள் அம்மாவோடு தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு அப்பா அப்படிப் பேசினப்ப, போத்தல உள்ள வச்சதே அவருதான்னு ஏம்மா அவருகிட்டச் சொல்லல?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சொன்னா? அவரும் பயந்து கெடந்தாரு, நீயும் பயந்து கெடந்த. பேசிக்கிட்டு இருந்தா அங்க ஒங்க அத்தைக்குக் கண்ணு போயிடும். யாராச்சும் ஒருத்தர் மேல ஏறிப் போவணும்ல."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு யோசித்தார்.

"இல்லாமயா," என்றார். "அந்த நாய் ரெண்டும் எவ்வளோ பெருசு."